செயலிக்கு யார் ஆப்சென்ட் போடுவது?

1

நூறு நாள் வேலை பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றை எடுத்துப் பார்த்தால் இரண்டு சொல்லாடல்கள் திரும்பத் திரும்பத் தட்டுப்படுகின்றன. ஒன்று ஊழல் பற்றியது: செத்துப்போனவர் பெயரில் கூலி, வராதவர் பெயரில் வருகை, ஆட்கள் வெட்ட வேண்டிய மண்ணை ஜேசிபி வெட்டியது. இன்னொன்று சோம்பேறித்தனம் பற்றியது: 'மரத்தடியில உக்காந்து எழுந்துபோறதுக்குக் கூலியா, இங்க நாத்து நட ஆள் கெடைக்கல' என்று நிலம் வைத்திருப்பவர்கள் டீக்கடையில் பேசுவதன் அச்சு வடிவம். முன்னதில் உண்மை உண்டு. பின்னதில் சாதி உண்டு. இரண்டுக்கும் அடியில் ஓடுகிற அனுமானம் மட்டும் ஒன்றுதான். கண்காணிக்கப்பட வேண்டியது ஏரிக்குள் மண்வெட்டியோடு நிற்கும் பெண்ணின் உடல்.

அந்த அனுமானத்துக்கு 2021 மே மாதத்தில் ஒரு கருவி கிடைத்தது. தேசிய செல்பேசிக் கண்காணிப்பு முறை, சுருக்கமாக என்.எம்.எம்.எஸ். என்கிற செயலி. ஒன்றிய அரசின் ஊரக வளர்ச்சி அமைச்சகம் வெளியிட்டது, தேசியத் தகவலியல் மையம் செய்து கொடுத்தது. வேலைத்தலத்தில் தொழிலாளர்களை ஒரு நாளைக்கு இரண்டு முறை, இடக்குறியீட்டோடு படம் பிடித்து ஏற்ற வேண்டும். படம் ஏறினால் வருகை. ஏறாவிட்டால் அன்றைய உழைப்பு கேள்விக்குறி.

இச்செயலியைப் பற்றி நம் தோழர்கள் பேசியதெல்லாம் கண்காணிப்பு என்ற சொல்லைச் சுற்றியே இருந்தது. ஏழையின் முகத்தைப் படமெடுக்க உனக்கு யார் உரிமை தந்தது என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அதோடு நின்றுவிட்டோம். ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு பையன் கேட்கக் கற்றுக்கொள்கிற கேள்விகளை நாம் கேட்கவில்லை. இது வெளியே விடுவதற்கு முன்னால் எங்கே, யாரிடம் சோதிக்கப்பட்டது? விட்ட பிறகு எத்தனை தடவை விழுந்தது? எந்த வகைப் போனில், எந்த நேரத்தில், எந்தச் சிக்னலில்? விழுந்ததை யார் எழுதி வைக்கிறார்கள்? இவற்றைத் தொழில்நுட்பக் கேள்விகள் என்று ஒதுக்கி வைத்தோம். இவை அரசியல் கேள்விகள் என்பதே இக்கட்டுரையின் வாதம். செயலியின் தவறு செயலியின் கணக்கில் ஏறுவதில்லை, கூலிக்காரியின் கணக்கில் ஏறுகிறது என்பதால்.

2

2006 பிப்ரவரி 2ஆம் நாள் வேலை உறுதித் திட்டம் நாட்டின் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது தமிழ்நாட்டில் ஆறு மாவட்டங்களே இருந்தன. விழுப்புரம் அவற்றில் ஒன்று. (அப்போது கள்ளக்குறிச்சியும் இதற்குள்தான். 2019இல் பிரிந்தது.) பின்தங்கிய மாவட்டம் என்பது பட்டியலில் சேர்த்ததற்குச் சொல்லப்பட்ட காரணம். அன்றைய கூலி 80 ரூபாய். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்டது 336 ரூபாய்.

கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு முன்பணம் வாங்கிப் போன ஜனங்கள் இருக்கிற வட்டாரம் இது. அங்கெல்லாம் கணக்கு முதலாளியின் நோட்டில் இருந்தது. வேலை செய்தவர் அதைப் பார்த்ததில்லை, பார்த்தாலும் வாசிக்க முடிந்ததில்லை. அரசு அச்சடித்த ஒரு தாளில் தன் பெயரும், தான் வேலை செய்த நாளும், தனக்குச் சேர வேண்டிய கூலியும் ஒரே வரியில் எழுதப்பட்டிருப்பதை இம்மக்களில் பலர் முதன்முதலாகக் கண்டது இத்திட்டத்தின் மஸ்டர் ரோலில்தான். திண்டிவனம் பக்கத்து இருளர்களை எடுத்துக்கொள்வோம். அரசின் பதிவேடு என்றால் அவர்களுக்கு அது காவல் நிலையப் பதிவேடாகவே இருந்தது. எங்கோ நடந்த திருட்டுக்கு இங்கே ஒரு பெயர் தேவைப்பட்டபோது புரட்டப்படுவது. அப்படிப்பட்ட சனங்களுக்குக் கூலிக்காகப் பெயர் எழுதும் பதிவேடு என்பது சின்ன விஷயமில்லை.

செயலி இந்தப் பதிவேட்டின் இடத்தில் வந்து உட்கார்ந்தது. நாள்களை வரிசையாகப் பார்க்கலாம். 2021 மே: முன்னோட்டமாக, விருப்பமிருந்தால் பயன்படுத்தலாம். 2022 மே 16: 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் கட்டாயம். 2023 ஜனவரி 1: எல்லா இடத்திலும் கட்டாயம். இந்தக் கடைசி உத்தரவு வந்தது 2022 டிசம்பர் 23இல். எட்டு, ஒன்பது நாள் அவகாசம்.

இப்போது ஒரு வேலைநாளை யோசித்துப் பாருங்கள். மேல்மலையனூர் ஒன்றியமோ மரக்காணம் ஒன்றியமோ, ஏதோ ஒரு ஏரி. பணித்தளப் பொறுப்பாளர் என்கிற பெண் (அவரும் கூலிக்காரிதான், பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்தவர்) போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரைமேல் ஏறுகிறார். 'எல்லாரும் நேரா நில்லுங்க, முகம் தெரியணும்.' சுற்றுகிறது, சுற்றுகிறது, நின்றுவிடுகிறது. 'நெட்டு வர்ல.' பத்து நிமிஷம் கழித்து மறுபடி. வேலை செய்ய வந்தவர்கள் வேலை செய்யாமல் வெயிலில் நிற்கிறார்கள், வேலை செய்தார்கள் என்று நிரூபிப்பதற்காக.

அப்படியும் ஏறவில்லை என்றால்? விதிவிலக்கான சூழ்நிலைகளில் கையால் எழுதிய வருகையைப் பதிவேற்ற மாவட்டத் திட்ட ஒருங்கிணைப்பாளருக்கு அதிகாரம் தரப்பட்டது. அதாவது கலெக்டருக்கு. ஏரிக்கரையில் நடந்த ஒரு பிழையைத் திருத்தும் அதிகாரம் ஏரிக்கரையிலும் இல்லை, ஊராட்சியிலும் இல்லை, பி.டி.ஓ. ஆபீசிலும் இல்லை. திண்டிவனத்திலிருந்தே விழுப்புரம் சுமார் 40 கிலோமீட்டர். மரக்காணத்துக்காரி இன்னும் கிழக்கே இருக்கிறாள். 336 ரூபாய்க்காக அவள் பஸ் ஏறுவாளா? ஏறமாட்டாள் என்பது எல்லோருக்கும் தெரியும். திருத்தும் வழி இருக்கிறது என்று ஏட்டில் எழுதவும் முடியும், ஒருவரும் திருத்திக்கொள்ள வரவில்லை என்று சொல்லவும் முடியும். ஓர் உரிமையைப் பறிக்காமலேயே இல்லாமல் ஆக்குவது இப்படித்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இத்திட்டத்தில் வெட்டிய மண்ணை ஓவர்சியர் டேப் பிடித்து அளந்துதான் கூலி கணக்கிடப்பட்டது. அளவுக்குக் கூலி என்றால், வேகமாக வெட்டி முடித்தவர் வீட்டுக்குப் போகலாம். ஆடு மாடு, பிள்ளை, அடுப்பு என்று ஆயிரம் வேலை காத்திருக்கிற பெண்களுக்கு அது ஒரு சிறு சுதந்திரம். முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் நான்கு மணிநேர இடைவெளி என்ற விதி அதைப் பிடுங்கிக்கொண்டது. அளவுக்கும் கூலி, நேரத்துக்கும் காவல். முதலாளிகூட இரண்டில் ஒன்றைத்தான் கேட்பான்.

3

மென்பொருள் தொழிலில் ஒரு செயலியை வெளியிடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் உள்ளுக்குள் சோதிப்பார்கள். பிறகு சம்மதித்து வருகிற சிலரிடம் கொடுத்துச் சோதிப்பார்கள். அதற்கப்புறமும் எல்லோருக்கும் ஒரே நாளில் திறந்துவிடமாட்டார்கள். நூற்றில் ஒருவருக்கு, ஐந்து பேருக்கு, இருபது பேருக்கு என்று படிப்படியாக விடுவார்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு கணக்கு: எத்தனை பேருக்குச் செயலி பாதியில் செத்தது, எத்தனை பேருக்கு உறைந்து நின்றது. கணக்கு வரம்பைத் தாண்டினால் அடுத்த படிக்குப் போகமாட்டார்கள். பழைய பதிப்புக்கே திரும்பிவிடுவார்கள்.

அந்த வரம்பு எவ்வளவு தெரியுமா? ஆண்ட்ராய்டு போன்களுக்கான கூகுள் கடையில், ஒரு நாளில் ஒரு செயலியைப் பயன்படுத்துவோரில் 1.09 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அது கண்முன்னே நின்றுபோனால், அது மோசமான செயலி. உறைந்து நிற்பதற்கு வரம்பு 0.47 சதவீதம். தாண்டினால் கடையில் அதைப் பின்வரிசைக்குத் தள்ளலாம், வாங்குபவருக்கு எச்சரிக்கை காட்டலாம். சினிமா டிக்கெட் வாங்குகிற செயலிக்கும், பிரியாணி வரவழைக்கிற செயலிக்கும் இந்த விதிதான். இந்த ஒழுக்கத்தை மீறினால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19இல் உலகம் பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற கம்பெனியின் ஒரு சிறு அப்டேட், படிப்படியாக விடாமல் ஒரேயடியாக விட்டது, 85 லட்சம் கணினிகளைப் படுக்கவைத்தது. விமானங்கள் நின்றன. கம்பெனி மன்னிப்புக் கேட்டது, இனிமேல் படிப்படியாகத்தான் விடுவோம் என்றது. பணக்காரர்களின் விமானம் நின்றால் பிழை செயலியுடையது.

2021, 2022, 2023 என்று என்.எம்.எம்.எஸ். பரவிய வரிசையும் பார்வைக்குப் படிப்படியான வெளியீடு போலத்தான் தெரிகிறது. ஆனால் படி என்பது நின்று பார்ப்பதற்கான இடம். எத்தனை படங்கள் ஏறாமல் நின்றன, அதனால் எத்தனை பேர் கூலி இழந்தார்கள், எந்த எண்ணுக்குக் கீழே வந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்ற வரம்பு எதுவும் மக்கள் முன்னால் வைக்கப்படவில்லை. உத்தரவின் தேதி மட்டுமே படியாக இருந்தது.

அப்படியானால் சோதனை நடக்கவே இல்லையா? நடந்தது. கூலிக்காரர்கள்மேல் நடந்தது. முதலில் காலைப் படத்துக்கும் மதியப் படத்துக்கும் குறிப்பிட்ட நேரங்கள் இருந்தன. புகார்கள் குவிந்த பிறகு முதல் படத்திலிருந்து நான்கு மணிநேரம் கழித்து இரண்டாவது என்று மாற்றினார்கள். நெட் இல்லாத இடத்தில் எடுத்து வைத்துச் சிக்னல் வந்ததும் ஏற்றிக்கொள்ளலாம் என்ற வசதியும் இருப்பதாக விளக்கம் தந்தார்கள். இவை முன்னேற்றங்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன்னால் எத்தனை பேருடைய எத்தனை நாள் கூலி போயிருக்கும்? மென்பொருள் கம்பெனியில் பிழை கண்டுபிடிப்பவருக்குச் சம்பளம் உண்டு. இங்கே பிழை கண்டுபிடித்தவளுக்குச் சம்பளம் போயிற்று. 2023 பிப்ரவரியில் பல மாநிலத் தொழிலாளர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் இச்செயலியை எதிர்த்தும் ஆதார்வழிக் கூலியை எதிர்த்தும் தர்ணா உட்கார்ந்தார்கள். தொழில்நுட்ப மொழியில் சொன்னால் அது ஒரு பிழை அறிக்கை. அதை ஏற்றுவதற்குச் செயலியில் இடமில்லாததால் தெருவில் ஏற்றினார்கள்.

இதில் ஒரு முரண் நம் ஊருக்கே உரியது. அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் விழுப்புரத்திலும் இருக்கின்றன, திண்டிவனத்திலும் இருக்கின்றன. நூறு நாள் கூலியில் ஃபீஸ் கட்டிப் படித்த பிள்ளைகள் ஜிஎஸ்டி ரோடு வழியாகச் சென்னைக்குப் போய், பழைய மகாபலிபுரம் சாலைக் கட்டடங்களில் 'டெஸ்டிங்'கில் உட்காருகிறார்கள். யாரோ அமெரிக்காக்காரர் சட்டை வாங்குகிற செயலியில் ஒரு பொத்தான் அரை விநாடி தாமதமானால் அதைக் கண்டுபிடித்து எழுதுவது மகளின் வேலை. அம்மா வெயிலில் நின்று சோதிக்கிற செயலிக்கு எழுதுவதற்கு ஒரு நோட்டுகூட இல்லை.

4

அரசின் சுற்றறிக்கைகளை நாம் பிரதிகளாக வாசிப்பதில்லை. வாசிக்க வேண்டும். 2025 ஜூலையில் அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை அப்படி வாசிக்கத் தகுந்தது. செயலி தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று சொல்லி அது ஏழு வகைகளை அடுக்குகிறது: தொடர்பில்லாத படங்களை ஏற்றுவது, நேரில் எடுக்காமல் படத்தையே படமெடுத்து ஏற்றுவது, படத்தில் இருக்கும் தலைகளும் பதிவில் இருக்கும் தலைகளும் பொருந்தாமை, ஆண் பெண் எண்ணிக்கை பொருந்தாமை, ஒரே ஆட்கள் பல மஸ்டர் ரோல்களில் தோன்றுவது, காலைப் படத்து ஆட்களும் மதியப் படத்து ஆட்களும் வேறாக இருப்பது, மதியப் படமே ஏற்றப்படாமை.

இந்தப் பட்டியல் முழுவதிலும் எழுவாய் மனிதன்தான். மனிதன் ஏமாற்றுகிறான், கருவி ஏமாற்றப்படுகிறது. செயலி தவறலாம் என்ற வாக்கியத்துக்கு இந்தப் பிரதிக்குள் இடமே இல்லை. ஆனால் ஏழாவதைக் கவனியுங்கள். மதியப் படம் ஏற்றப்படாமை. ஏன் ஏறவில்லை? பொறுப்பாளர் வேண்டுமென்றே ஏற்றாமல் விட்டிருக்கலாம். போனில் சார்ஜ் தீர்ந்திருக்கலாம். சிக்னல் போயிருக்கலாம். சர்வர் படுத்திருக்கலாம். இந்த நான்கும் டெல்லியில் இருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரியும்: காலியான ஒரு கட்டம். அந்தக் காலிக் கட்டத்தைத் திருட்டு வகைகளின் பட்டியலில் சேர்த்த அந்த இடத்தில்தான் கருவியின் தோல்வி மனிதனின் குற்றமாகப் பெயர் மாறுகிறது. மஸ்டர் ரோலில் வந்தார், வரவில்லை என்ற இரண்டு நிலைதான் உண்டு. 'செயலி வரவில்லை' என்பதற்கு அங்கே எழுத்து இல்லை.

தீர்வாகச் சொல்லப்பட்டது அதைவிடச் சுவாரஸ்யமானது. ஏற்றிய படங்களை ஆட்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஊராட்சி மட்டத்தில் 100 சதவீதம், ஒன்றியத்தில் 20, மாவட்டத்தில் 10, மாநிலத்தில் 5. மனிதக் கண்ணை நம்ப முடியாது என்று சொல்லிக் கொண்டுவந்த கருவியின் படங்களை, வெளியிட்டு நான்கு வருஷம் ஆன பிறகு, மனிதக் கண்ணால் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கச் சொல்கிறார்கள். செயலியின் செயல்பாட்டு அறிக்கை எங்கே என்று தேட வேண்டியதில்லை. அமைச்சகமே தன்னை அறியாமல் எழுதித் தந்த அறிக்கை இந்தச் சுற்றறிக்கைதான். அதன்படி செயலி தேறவில்லை.

5

நம் சிறுபத்திரிகைகளில் ஃபூக்கோவை மேற்கோள் காட்டாமல் கண்காணிப்பைப் பற்றி எழுதுவது கஷ்டம். 1975இல் வந்த சிறை பற்றிய நூலில் அவர் பெந்தாமின் வட்டச் சிறையை எடுத்துக்கொண்டு நவீன அதிகாரத்தின் வரைபடமாக அதைக் காட்டினார். நடுவில் கோபுரம், சுற்றிலும் அறைகள், பார்க்கப்படுகிறவனுக்குப் பார்ப்பவன் தெரியமாட்டான். இந்த அளவுக்கு எல்லோரும் சொல்லிவிட்டோம். நாம் அதிகம் சொல்லாத ஒன்று அதே நூலில் இருக்கிறது. அந்தக் கோபுரத்துக்குள் வெளியாட்களும் வரலாம் என்பது பெந்தாமின் திட்டம். கண்காணிப்பாளன் எப்படிக் கண்காணிக்கிறான் என்பதைப் பொதுமக்கள் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். ஃபூக்கோ இதை விடாமல் கவனித்திருக்கிறார்.

அதாவது 1791ஆம் வருஷத்துச் சிறைத் திட்டத்தில்கூடக் கோபுரத்துக்கு ஒரு வாசல் வைத்திருந்தார்கள். நம் செயலிக்கு அது இல்லை. ஏரியில் நிற்கும் பெண்களின் படங்கள் திட்டத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடந்தன. அவர்கள் முகம், ஊர், தேதி எல்லாம் பொதுவில். அந்தச் செயலி எத்தனை முறை நின்றது என்ற எண்? கூகுள் கடை வழியாகப் போகும் எந்தச் செயலிக்கும் அந்த எண்ணை அந்தக் கடையே எண்ணி உடைமையாளருக்குத் தருகிறது. எண்ணுவதற்கு வழி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பெண்ணின் முகம் பொதுவில், செயலியின் முகம் முக்காட்டுக்குள்.

காலனிய ஆட்சியின் வருகைப் பதிவும் நம் நினைவுக்கு வர வேண்டும். 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ரேகைச் சட்டம் என்று மக்கள் சொன்னது அதைத்தான். பட்டியலில் சேர்க்கப்பட்ட சாதியினர் இரவில் காவல் நிலையத்துக்குப் போய்த் தாங்கள் இருப்பதைக் காட்ட வேண்டும். 1947இல் சென்னை மாகாணத்தில் அது நீக்கப்பட்டது. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அங்கே வராவிட்டால் ஜெயில், இங்கே வராவிட்டால் கூலி இல்லை. ஆனால் உடலைக் கொண்டுவந்து காட்டினால்தான் நீ குற்றம் செய்யவில்லை என்று நம்புவேன் என்கிற இலக்கணம் இரண்டிலும் ஒன்றுதான். ஐயப்படுபவனை யாரும் ஐயப்படக் கூடாது என்ற விதியும் ஒன்றுதான்.

இதற்கு எதிரான மரபு ஒன்றும் இந்த நாட்டில் இருக்கிறது. ராஜஸ்தானில் 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. மஸ்டர் ரோலைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்கூடிய இடத்தில் பெயர் பெயராக வாசித்தார்கள். வேலையே செய்யாதவர் பெயரில் கூலி எழுதியிருந்தால் அங்கேயே சிரிப்பு எழும், அடுத்து கோபம் எழும். யார் எங்கே இருந்தார் என்பது ஊருக்குத் தெரியும். அந்த இயக்கத்திலிருந்துதான் 2005இன் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. அதே ஆண்டின் வேலை உறுதிச் சட்டத்தில் 17ஆம் பிரிவாகச் சமூகத் தணிக்கையும் வந்தது. ஊழலைப் பிடிக்க மக்கள் கண்டுபிடித்த கருவி மஸ்டர் ரோல். எழுத்தறியாதவரும் காதால் கேட்டுச் சரிபார்க்கக்கூடிய கருவி. செயலி அதே ஊழலின் பெயரைச் சொல்லி அதை மக்கள் கையிலிருந்து வாங்கி, மேலே அனுப்பிவிட்டது. ஊழலை ஒழிக்க வேண்டாமா என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்: ஒழிக்க வேண்டும், அதற்கான கருவி எங்களிடம் இருந்தது. நீங்கள் எடுத்துப் போனீர்கள்.

6

இது இந்தியாவின் ஏழ்மைக்கே உரிய சிக்கல் என்று யாரும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 1999இல் தபால் துறை ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைக் கிளைகளுக்குக் கொண்டுவந்தது. செய்துகொடுத்தது ஃபுஜிட்சு. கிளைத் தபாலகங்களை நடத்திய சாதாரண ஆட்களின் கணக்கில் பணம் குறைகிறது என்று அந்த மென்பொருள் சொன்னது. நாங்கள் எடுக்கவில்லை என்றார்கள். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்றது நிர்வாகம். கம்ப்யூட்டர் சரியாகத்தான் வேலை செய்திருக்கும் என்று நீதிமன்றம் முதலிலேயே எடுத்துக்கொள்ள அங்கே சட்டமும் இடம் தந்தது. 900க்கு மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் ஆனார்கள். சிலர் ஜெயிலுக்குப் போனார்கள், சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். 2019 டிசம்பரில் உயர்நீதிமன்றம் மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று தீர்ப்பளித்தது. 2024இல் தனிச் சட்டமே போட்டுத் தண்டனைகளை ரத்துசெய்தார்கள்.

அந்த வழக்கில் திருப்பமாக இருந்தவற்றுள் ஒன்று, தெரிந்த பிழைகளின் பதிவேடு. ஃபுஜிட்சுவின் ஊழியர்கள் அவ்வப்போது கண்ட பிழைகளை எழுதி வைத்த குறிப்புகள். மென்பொருள் தவறுகிறது என்பது செய்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது, எழுதியும் வைத்திருந்தார்கள். ஜெயிலுக்குப் போனவர்களிடம் காட்டவில்லை. அந்தப் பதிவேடு வெளியே வருவதற்காகப் பல வருஷம் போராட வேண்டியிருந்தது. நம் ஏரிக்கரைக் கேள்விக்கு அதில் பாடம் இருக்கிறது. பிழை இருப்பதைவிட, பிழைப் பதிவேடு யார் கையில் இருக்கிறது என்பதே அரசியல்.

7

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் வேலை உறுதிச் சட்டத்தின் இடத்துக்கு வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. நூறு நாள் 125 நாள் ஆகிறது, காந்தியின் பெயர் போகிறது, மாநிலங்களின் செலவுப் பங்கு ஏறுகிறது. இவற்றைப் பற்றி நிறையப் பேசுகிறோம், பேச வேண்டும். ஆனால் உயிரளவைச் சரிபார்ப்பு, செல்பேசிவழிக் கண்காணிப்பு, மோசடியைக் கண்டுபிடிக்கச் செயற்கை நுண்ணறிவு ஆகியவை அந்தச் சட்டத்தின் உடம்போடு பிறந்திருக்கின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். சுற்றறிக்கையாக வந்தது சட்டமாகிவிட்டது. இனிமேல் 'செயலி வேண்டாம்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், அது சரியான முழக்கமாகவே இருந்தாலும், நாளைக் காலை ஏரிக்குப் போகிறவளுக்கு உதவாது.

பழைய சட்டத்தில் ஒரு நல்ல சரத்து இருந்தது. மஸ்டர் ரோல் முடிந்து 15 நாளுக்குள் கூலி வராவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 0.05 சதவீதம் இழப்பீடு. தொகை அற்பம். கொள்கை அற்பமில்லை. அரசு தாமதித்தால் அரசுக்கு அபராதம் என்பது அதன் பொருள். அதே கொள்கையைச் செயலிக்கும் கேட்க வேண்டும். கேட்க வேண்டியவற்றை எளிமையாக இப்படி அடுக்கலாம்.

ஒன்று: வேலைத்தலத்தில் ஒரு காகித நோட்டு. அதில் ஆட்களின் வருகையோடு செயலியின் வருகையும் எழுதப்படட்டும். எத்தனை மணிக்குத் திறந்தோம், எத்தனை தடவை முயன்றோம், எப்போது ஏறியது, ஏறவில்லையா, என்ன செய்தி காட்டியது. செயலிக்கும் பிரசென்ட், ஆப்சென்ட்.

இரண்டு: செயலி ஆப்சென்ட் ஆன நாளில் நோட்டில் உள்ள வருகையே வருகை. அதை ஏற்கும் அதிகாரம் ஊராட்சியில் இருக்க வேண்டும். கலெக்டர் ஆபீஸ்வரை போகத் தேவையில்லை.

மூன்று: ஒவ்வொரு புதிய பதிப்பும் எந்த ஊரில், எந்த விலைப் போனில், எந்தச் சிக்னலில் சோதிக்கப்பட்டது, பழைய பதிப்பில் என்ன பிழை இருந்தது என்பது தமிழில் ஊராட்சிப் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.

நான்கு: தமிழ்நாட்டில் 2022இலிருந்து வருஷத்துக்கு ஆறு கிராம சபைகள். அவற்றில் ஆட்களின் மஸ்டர் ரோலோடு செயலியின் மஸ்டர் ரோலும் சத்தமாக வாசிக்கப்பட வேண்டும். நம் மாவட்டத்தில் மொத்தம் 13 ஒன்றியங்கள். ஒன்றியத்துக்கு ஒரு ஏரி என்று எடுத்துக்கொண்டு மூன்று மாதம் நோட்டுப் போட்டாலே அமைச்சகத்தின் முன்னால் வைக்க ஒரு பிழைப் பதிவேடு தயாராகிவிடும்.

இதற்குப் பெரிய தத்துவமோ பெரிய அமைப்போ தேவைப்படாது. ஒரு ரூல்டு நோட்டும், எழுதத் தெரிந்த ஒரு பெண்ணும், லீவுக்கு ஊருக்கு வரும்போது அதைக் கூட்டிப் பார்த்துத் தர ஒரு டெஸ்டிங் பையனோ பெண்ணோ போதும். கூலி போன நாளை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு புலம்புவதும் அதைத் தேதி போட்டு எழுதி வைப்பதும் வேறு வேறு. முன்னதை அதிகாரம் கேட்டுவிட்டுப் போய்விடும், பின்னதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துத் தோழர்கள் அடுத்த கிராம சபைக்குள் ஒரு ஏரியிலாவது இந்த நோட்டைத் தொடங்க வேண்டும். தொடங்கியவர்கள் முதல் மாதத்துக் கணக்கை, அது எவ்வளவு அரைகுறையாக இருந்தாலும், இந்தப் பக்கங்களுக்கு அனுப்புங்கள். விவாதத்தை அங்கிருந்து தொடரலாம்.